முடிதானே, வளர்ந்துடும்

முப்பது வருஷமாகச் சலூன்காரர் வாயில் ஒரே ஒரு சமாதானம்தான் இருந்தது. கிராப்பு ஒரு பக்கம் ஏறிக்கொண்டு போனாலும் சரி, கிருதா ஒன்று மேலே ஒன்று கீழே நின்றாலும் சரி, பள்ளிக்கூடத்துப் பையன் கண்ணாடியைப் பார்த்து ஓவென்று அழுதாலும் சரி, துண்டை உதறியபடி, "முடிதானே, வளர்ந்துடும்" என்பார். கேட்டவர்களும் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். பொய்யில்லையே, வளர்ந்துதான் விட்டது. அடுத்த மாதம் அதே தலைகள் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தன. தப்புப் பண்ணினால் தானாகவே சரியாகிற தொழில் உலகத்தில் தன்னுடையது ஒன்றுதான் என்று மனுஷனுக்கு உள்ளூர ஒரு பெருமை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு ஒரு நாய் வந்து சேர்ந்தது.

நாய் தனியாக வரவில்லை. கட்டிக்கொடுத்த மகளோடு வந்தது. கல்யாணமாகி மூன்றாவது வருஷம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகள் இறங்கினாள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் ஓநாய் மாதிரி ஒன்று. சாம்பலும் வெள்ளையுமாகப் புசுபுசுவென்ற உடம்பு, முதுகுக்கு மேல் சுருண்ட வால், கண் இரண்டும் நீலம். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின.

"அண்ணே, கடிக்குமா கடிக்காதான்னு வழி பூராக் கேட்டுக்கிட்டே வந்தேன். வாயே தொறக்கல" என்றார் ஆட்டோக்காரர். "நாயைச் சொல்லல, பொண்ணைச் சொல்றேன்."

பனி கொட்டுகிற வடக்கு நாடுகளில் வண்டி இழுக்கிற ஜாதியாம் அது. மருமகன் கௌரவத்துக்கு வாங்கியது. ஏ.சி. அறையில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்ட நாய். அவன் ஏதோ ராஜா பெயரை இங்கிலீஷில் வைத்திருந்தான். மகள் இங்கே வந்தபின் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. "குட்டி" என்பாள். குட்டியின் எடை ஒரு மூட்டைச் சிமெண்டில் பாதி இருக்கும்.

"நகை நட்டெல்லாம் அங்க விட்டுட்டு நாயைப் புடிச்சுக்கிட்டு வந்திருக்காளே, இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல!" என்று சலூன்காரர் மனைவி தலையிலடித்துக்கொண்டாள். மகள் நாய்க்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அது குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

சலூன்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அதற்கு ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. தெரியாததைத் தொடாமல் விடுவது அவர் சுபாவம். "சாப்பிட்டாளான்னு கேளு" என்று மனைவியிடம் சொல்வார். மகள் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள். "சாப்பிட்டுட்டேன்னு சொல்லும்மா" என்பாள். இரண்டே அறையுள்ள வீட்டில் இப்படி நாலு மாதம் ஓடியது. நடுவில் அந்தம்மா தபால்காரர் வேலை பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனாள்.

மகள் சும்மா இருக்கவில்லை. வந்த மாதமே தெருக்கோடி மில்லில் துணி மடித்துப் பெட்டி கட்டுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதினால் உள்ளே, சாயங்காலம் ஐந்து மணிச் சங்குக்கு வெளியே. அந்த நாய் குரைக்கவே குரைக்காது. சங்கு ஊதினால் மட்டும் கழுத்தை மேலே தூக்கி, கண்ணை மூடி, சங்கோடு சேர்ந்து ஊளையிடும். காலையில் ஊளை ஒரு தினுசு, சாயங்காலம் ஒரு தினுசு. சாயங்காலச் சங்குக்கு ஊளையிட்டுவிட்டுக் கதவடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து நிமிஷத்தில் மகள் வந்துவிடுவாள்.

"எங்கம்மா நெஞ்சு வலிக்காரி, அந்தச் சத்தம் கேட்டாலே உசிரு போய் உசிரு வருது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அவருக்கு இரண்டு மாதம் இலவசச் சவரம் என்று பேசி முடிந்தது.

ஊளையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முடிதான் ஆகாத விஷயம். குடத்தில் முடி, கொடியில் காயும் துணியில் முடி, பிசைந்த சோற்றில் முடி. "கடையிலயும் முடி, வீட்லயும் முடி. நான் போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணேனோ" என்று அந்தம்மா விளக்குமாற்றைத் தட்டுவாள். நாய்க்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. "உங்க மாப்பிள்ளைக்குச் சோறு வச்சாச்சு. போய் உபசாரம் பண்ணுங்க" என்பாள் புருஷனிடம். மகள் காதில் விழும்படிதான் சொல்வாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சலூன்காரரின் அண்ணன் வந்துவிடுவார். இந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்த புண்ணியவான் அவர்தான். டீயை ஆற்றிக்கொண்டே பேசுவார்.

"தம்பி, புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். நான் அங்க போய்ப் பேசிட்டேன். அவங்க பெரிய மனசு பண்ணி, வரட்டும்னுட்டாங்க. வெயில் முடியட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போய் விடறேன். நாயையும் சேத்துத்தான். அது விலை கூடின நாயாம்."

"நீங்க பாத்துச் சொன்னாச் சரிண்ணே."

"அவளை என்னன்னு கேட்டியா?"

"என்னத்தைக் கேக்கறது?"

"அதுவும் சரிதான். கேட்டா ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லும். விடு."

உள்ளே மகள் நாய்க்கு முட்டை உரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எல்லாம் கேட்கும்.

வெயில் அந்த வருஷம் சொல்லி மாளாது. சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. பத்து மணிக்கே கூரை கணகணவென்று காய்ந்துவிடும். நாய் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈர மண்ணைப் பறித்து, குழி தோண்டி, அதில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. அந்தம்மா குழியை மூடுவாள். அது மறுபடி தோண்டும். இருவருக்கும் இடையில் இது ஒரு தனிப் பந்தயமாக நடந்தது.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சலூன்காரர் சாப்பிட வருவார். சாப்பிட்டு, சுவரோரம் துண்டை விரித்துச் சாய்வார். முதலில் நாயை அவர் "அது" என்றுதான் சொல்லிவந்தார். நாலைந்து நாள் போனபின் அது வந்து அவர் பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்தது. கால் மரத்துப்போனாலும் மனுஷன் அசைக்கவில்லை. அடுத்த வாரமே "ராஜா" ஆகிவிட்டது. நாக்கை ஒரு முழம் தொங்கவிட்டு, விலா படபடவென்று அடிக்க அது மூச்சிரைப்பதைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது.

"என்னடா ராஜா, கம்பளிக் கோட்டைப் போட்டுக்கிட்டு அடுப்புக்குள்ள உக்காந்திருக்கியே" என்று விசிறி மட்டையால் வீசுவார். பெற்ற மகளோடு பேச முடியாததையெல்லாம் அந்த நாயோடு பேசினார். சொல்லப்போனால், அந்த நாயின் மூச்சிரைப்பு நின்றால் மகள் முகம் கொஞ்சம் தெளியும் என்று அவருக்குத் தோன்றியது. அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நெஞ்சில் அரித்துக்கொண்டே இருந்தது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை.

கடை விடுமுறை நாளில் மகள் வேலைக்குப் போனபின், கத்தரி, மெஷின், சீப்பு, எண்ணெய்க் குப்பி எல்லாவற்றையும் பின்கட்டுக்குக் கொண்டு வந்தார்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் மனைவி.

"வெயில் காலத்துல வர்றவன் பூரா, மண்டை சூடு, ஒட்ட வெட்டுன்னுதானே சொல்றான்? இதுக்கு வாய் இருந்தா இதும் அதைத்தான் சொல்லும்."

"பண்ணுங்க, பண்ணுங்க. வீடாவது சுத்தமாகும்."

நாயைக் கல்லின்மேல் ஏற்றி, கழுத்தில் கடைத் துணியையும் கட்டிவிட்டார். அது ஒரு பழைய வாடிக்கைக்காரர் மாதிரி அசையாமல் உட்கார்ந்தது. மேலே நீள முடி. அதைக் கத்தரியால் எடுத்தால் உள்ளே வெள்ளையாக, இலவம்பஞ்சு கணக்காக இன்னொரு முடி. மெஷினைப் போட்டால் பற்களில் பஞ்சு அடைத்துக்கொண்டது. மூன்று தடவை கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டார். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு முடியை அவர் கையால் தொட்டதில்லை. வெட்டியதைத் தூரப் போட மனசு வராமல் ஒரு தலையணை உறையைக் கொண்டுவரச் சொல்லி அதில் திணித்தார். உறை உப்பிக்கொண்டே வந்தது. நாய் சின்னதாகிக்கொண்டே வந்தது.

இடது தோளுக்கு வந்தபோது மெஷின் வழுக்கியது.

அங்கே ஒரு கையகலத்துக்கு முடியே இல்லை. சுற்றியிருந்த முடிதான் இத்தனை நாள் அதை மூடிக்கொண்டிருந்தது. பளபளவென்ற தழும்பு. அடி அகலமாக, மேலே போகப் போகக் குறுகி, கூராக முடிந்தது. சலூன்காரருக்குத் தழும்பு புதிதல்ல. எத்தனையோ மண்டைகளைப் பார்த்த கை. இது சைக்கிளிலிருந்து விழுந்தது, இது கல்லடி, இது வாத்தியார் பிரம்பு என்று தடவியே சொல்லிவிடுவார். இந்தத் தழும்பையும் அவர் விரல் படித்துவிட்டது. மெஷினை நிறுத்தினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல." மெஷினின் பற்களை ஊதினார். "எங்கயாச்சும் வேலியில கிழிச்சிருக்கும்."

அந்தம்மா குனிந்து பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். "ஆமா, வேலியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அவள் நாயை மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. ஏன் என்று இவரும் கேட்கவில்லை.

ஐந்து மணிச் சங்கு ஊதியது. நாய் ஊளையிட்டு, கதவடியில் போய் உட்கார்ந்தது. மொட்டை உடம்பில் அதன் கழுத்து குச்சியாகத் தெரிந்தது. ஆனாலும் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை, ஒரு இடத்தில் மேடு பள்ளம் கிடையாது. சலூன்காரர் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். மகள் என்ன சொல்வாள் என்று ஒரு எதிர்பார்ப்பு.

மகள் உள்ளே வந்தாள். நாயைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் துப்பட்டாவை உருவி, அதன் தோளைத்தான் முதலில் மூடினாள். மூடிவிட்டு அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சலூன்காரர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். நாலு மாதத்தில் முதல் முறையாக மகளிடம் நேராகப் பேசினார்.

"முடிதானேம்மா, வளர்ந்துடும்."

"வளராதுப்பா" என்றாள் அவள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இந்த ஜாதிக்கு வெட்டவே கூடாது. குட்டியா இருக்கும்போதே டாக்டர் சொன்னாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா?"

"வெயில்ல கஷ்டப்படுதேன்னு..."

"ஒரு வார்த்தை. வந்ததுலேருந்து என்னை ஒண்ணுமே கேக்கலையேப்பா நீங்க."

அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாய் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

முதல் இரண்டு நாள் நாய் துள்ளித்தான் விளையாடியது. மூன்றாம் நாள் முதுகு சிவந்தது. ஐந்தாம் நாள் தோல் உரிந்தது. அப்பனும் மகளும் ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா நாயைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"எந்தப் படுபாவி இப்படி வழிச்சது?"

"நான்தாங்க" என்றார் சலூன்காரர்.

டாக்டரம்மா குரலை இறக்கிக்கொண்டார். "பெரியவரே, இதுக்கு ரெண்டு அடுக்கு முடி. குளிர் உள்ள வராம இருக்கறதுக்கு மட்டுமில்ல, வெயில் உள்ள போகாம இருக்கறதுக்கும் அதுதான் சுவர். நீங்க சுவரை இடிச்சுட்டீங்க."

"திரும்ப வந்துடுங்களா?"

"சிலதுக்கு வரும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். சிலதுக்கு வராமலே போயிடும். இது எதுல சேத்தின்னு இப்பச் சொல்ல முடியாது. வெயில் படாம வைங்க. காத்து வேணும், ஈரத் தரை வேணும். இந்த வெயில் காலத்தைத் தாண்டிட்டா பாக்கலாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் தன் வலது கையைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தார். யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் அப்படித்தான் வைத்திருந்தார்.

மறுநாளிலிருந்து நாய் கடைக்குப் போகத் தொடங்கியது. வீட்டைவிடக் கடை தேவலை. காங்கிரீட் கூரை, பெரிய மின்விசிறி, கழுவி விட்டால் குளிர்ந்து கிடக்கும் தரை. விடியற்காலையில் வெயிலுக்கு முன்னால் கூட்டிப்போவார், பொழுது சாய்ந்தபின் கூட்டிவருவார். தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக அதன் உடம்பைத் தடவிப் பார்ப்பார். களிம்பு போடுவார். அங்கங்கே நாலு நீள முடி முளைத்தது. அடிப்பஞ்சு மட்டும் வரவில்லை. "வாடா ராஜா, வளரேண்டா" என்று கெஞ்சுவார். முப்பது வருஷமாக அடுத்தவனுக்குச் சொன்ன ஆறுதல் தனக்கென்று வரும்போது கைவிட்டுவிட்டதே என்று குமுறுவார்.

இதில் ஒரே ஒரு நல்லது நடந்தது. சாயங்காலம் மகள் நேராக அவரிடமே கேட்டாள்.

"தண்ணி குடிச்சுச்சாப்பா?"

"ரெண்டு வாட்டி குடிச்சான்."

"சோறு?"

"பாதி வச்சுட்டான். முட்டையை மட்டும் பொறுக்கித் தின்னுட்டான்."

"கள்ளன்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தம்மா தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள்.

கடைக்கு வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "என்ன அண்ணே, ஓநாய்க்கு மிலிட்டரி கட்டிங்கா?" என்பான் ஒருவன். "எனக்கும் இதே மாதிரி போட்டு விடு, என் சம்சாரம் பயப்படட்டும்" என்பான் இன்னொருவன். அவரும் சிரித்து வைப்பார். ஒரு நாள் இஸ்திரிக்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடி வழியாகவே நாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று எழுந்து போய்க் குனிந்தார்.

"அண்ணே, இது என்னன்னு தெரியுதா?"

"வேலியில கிழிச்சது."

"யாருகிட்ட சொல்றீங்க? காலம்பூரா இந்தப் பொட்டியோட மாரடிக்கிறவன் நான். இது இஸ்திரிப் பொட்டியோட மூக்கு. கரிப் பொட்டிகூட இல்ல, கரண்டுப் பொட்டி. பாருங்க, ஓரம் எவ்வளவு சன்னமா இருக்கு."

"வந்து உக்காரு. நேரமாகுது."

"தவறி விழுந்திருந்தா இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்ணே. இது வேகமா வந்து, பதிஞ்சு நின்னிருக்கு. எவனோ ஓங்கி வீசியிருக்கான், இல்ல அழுத்தியிருக்கான். எந்தப் பாவி இப்படிப் பண்ணான்?"

"உக்காருன்னு சொல்றேன்ல!"

அவர் அதட்டி யாரும் கேட்டதில்லை. இஸ்திரிக்காரர் வந்து உட்கார்ந்துகொண்டார். அன்று அவர் தலையை வெட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

அன்றைக்கு மகளிடம் கேட்டுவிடலாம் என்றுதான் சலூன்காரர் வீட்டுக்குப் போனார். வாய் வரைக்கும் வந்தது. மகள் கையில் தட்டோடு நின்று, "என்னப்பா?" என்றாள். "ஒண்ணுமில்ல. உப்புக் குறைச்சலா இருக்கு" என்றார். மனுஷன் அவ்வளவு கோழை. கேட்டுவிட்டால் அண்ணனை எதிர்க்க வேண்டும், அந்த வீட்டு வாசலில் போய் நின்று நியாயம் பேச வேண்டும், மூன்று வருஷம் முன்னால் அந்த மாப்பிள்ளைக்குத் தன் கையாலேயே கல்யாணச் சவரம் செய்துவிட்டதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து, "வெயில் முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அடுத்த ஞாயிறு நாள் நல்லாயிருக்கு, காலையிலேயே கிளம்பி ரெடியா இருக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். சலூன்காரர் தலையாட்டினார். மகள் பின்கட்டில் நாய் தோண்டிய குழியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வெறும் மண்தான் அங்கே இருந்தது, இருந்தும் வெகுநேரம் தெளித்தாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கரண்டு போனது.

வந்துவிடும் வந்துவிடும் என்று பன்னிரண்டு மணி ஆயிற்று. ஏதோ டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டதாகச் சொன்னார்கள். கடைக்குள் காற்றே இல்லை. வெளியே தார் இளகிக் கிடந்தது. நாய் முதலில் எழுந்து நின்று, சுற்றி வந்து, மறுபடி படுத்தது. பிறகு மூச்சிரைப்பு வேறு மாதிரி ஆனது. நாக்கு கருஞ்சிவப்பாகிவிட்டது. சலூன்காரர் பாதிச் சவரத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டு ஓடிவந்தார். குடத்துத் தண்ணீரைத் தரையில் கொட்டினார். கடையிலிருந்த துண்டையெல்லாம் நனைத்து அதன்மேல் போட்டார். முடிக்குத் தண்ணீர் அடிக்கிற குப்பியை எடுத்து அதன் வாயில், காதில், வயிற்றில் அடித்துக்கொண்டே இருந்தார். முகத்தில் சோப்பு நுரையோடு அந்த ஆள் பக்கத்து டீக்கடையிலிருந்து ஐஸ் வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். "ராஜா, டேய் ராஜா, இருடா, இருடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் இவர்.

ஆட்டோவில் போகும்போதே அதன் கழுத்து அவர் மடியில் தொய்ந்துவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார்.

"முடி இருந்திருந்தா?" என்று கேட்டார் சலூன்காரர்.

"பெரியவரே, இந்த வெயிலுக்கு வந்திருக்கவே கூடாத நாய் இது."

"நான் கேட்டது அது இல்லீங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா அதன் கண்ணை மூடிவிட்டார். "தாங்கியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

வீட்டுக்குக் கொண்டு வந்து பின்கட்டில் நிழலில் கிடத்தினார்கள். அந்தம்மா சத்தமில்லாமல் அழுதாள். ஐந்து மணிச் சங்கு ஊதியது. ஊதி ஓய்ந்தது. அந்த ஊளை இல்லாமல் சங்கு அவ்வளவு நீளம் என்று அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கூட மதில் மேலாக எட்டிப் பார்த்தார்.

மகளுக்கும் மில் வாசலிலேயே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அவசரப்படாமல் வந்தாள். உள்ளே வந்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, காதை நீவி விட்டாள். அழவில்லை. சலூன்காரர் எதிரே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடிக்கிறதென்றால் அடித்துவிடட்டும் என்று இருந்தது அவருக்கு.

"கரண்டு போச்சும்மா. நான் எவ்வளவோ..."

"தெரியும்ப்பா. அந்த ஆட்டோ அண்ணன் சொன்னாரு."

வெயில் தாழ்ந்திருந்தது. துவைக்கிற கல் பக்கத்தில் அது தோண்டிவைத்த குழியையே சலூன்காரர் மண்வெட்டியால் இன்னும் ஆழமாக்கினார். கத்தரி பிடித்த கை, கொஞ்ச நேரத்திலேயே கொப்புளித்துவிட்டது. அந்தம்மா தன் சேலை ஒன்றை எடுத்து வந்து குழியில் விரித்தாள். யாரும் சொல்லவில்லை, நல்ல சேலையாகத்தான் எடுத்து வந்தாள். நாயை மூன்று பேருமாகத் தூக்கி இறக்கினார்கள். அது அப்படி மொட்டையாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சலூன்காரர் உள்ளே போனார். பீரோவுக்கு மேலிருந்த தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழியோரம் வந்து நின்று, மகளைப் பார்த்தார்.

"இதை அவன்மேல போடட்டுமாம்மா?"

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வந்து ஐந்து மாதத்தில் அப்பா அவளைக் கேட்ட முதல் கேள்வி.

"போடுங்கப்பா."

அவர் குழிக்குள் இறங்கி மண்டியிட்டார். முடியைப் பிடி பிடியாக எடுத்து, வெட்டினது எப்படியோ அதற்கு நேர் எதிராக, வாலிலிருந்து ஆரம்பித்து மேலே வந்தார். பஞ்சு முடியை அடியில் வைத்து, சாம்பல் முடியை அதன்மேல் படிய வைத்தார். வாழ்நாளில் முடியைத் திரும்ப வைக்கிற வேலையை அவர் செய்ததில்லை. இடது தோளுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

"இந்தத் தழும்பு..." செருமிக்கொண்டார். "இது எப்படிம்மா ஆச்சு?"

மகள் மண் கட்டி ஒன்றை எடுத்து விரலால் பொடித்தாள்.

"அது எனக்கு விழ வேண்டியதுப்பா. இவன் நடுவுல வந்துட்டான்."

அந்தம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். சலூன்காரர் அந்தத் தழும்பைத் தடவினார்.

"எனக்குத் தெரியும்மா. வெட்டுன அன்னைக்கே தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்ப்பா."

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. குழிக்குள் மண்டியிட்டபடியே குலுங்கிக் குலுங்கி அழுதார். மகள் அவரைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை பெரியப்பா வருவாரு. உனக்கு அங்க போகணுமாம்மா?"

"வேண்டாம்ப்பா."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரலில் ஒட்டியிருந்த முடியோடேயே எண்ணை அழுத்தினார். "அண்ணே, நான்தான். ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்... இல்ல, அதுக்கு அடுத்த வாரமும் வேண்டாம்... அவ போக மாட்டா. நான் அனுப்ப மாட்டேன்" என்றார். அந்தப் பக்கம் அண்ணன் கத்துவது வெளியே கேட்டது. பேச்சு முடியும்வரை காத்திருக்காமல் போனை வைத்துவிட்டார். பிறகு மிச்சமிருந்த முடியை எடுத்து அந்தத் தழும்பின்மேல் இரண்டு அடுக்காக வைத்து, உள்ளங்கையால் அமுக்கினார். வெளியே ஒன்றும் தெரியாதபடி அது மூடிக்கொண்டது.

மேலே ஏறி வந்து மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

"மண்ணைத் தள்ளட்டுமாம்மா?"

"கொஞ்சம் இருங்கப்பா."

சரியென்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.